பொன்வண்டு போன டப்பா

தகர டப்பாவுக்குள் பொன்வண்டு நடக்கும் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? தீப்பெட்டிக்குள் நடந்தால் அது சும்மா ஒரு சுரண்டல்தான். தகரத்தில் அதன் கால் நகங்கள் பட்டாலோ, அடுத்த வீட்டில் யாரோ சோற்றுப்பானையின் அடியைச் சுரண்டுவதுபோல் ‘கிறீச் கிறீச்’ என்று விட்டுவிட்டுக் கேட்கும். உடைமரத்து இலையின் பச்சை வாசனையும் புதுத் தகரத்தின் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏற, காதை மூடிமேல் வைத்துப் படுத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தோடேயே தூங்கிப்போன ஓர் ஐப்பசி மாதம் எனக்கு இருந்தது. அது என்ன டப்பா என்று சொன்னால் நீங்கள் முகம் சுளிப்பீர்கள். சுளித்தால் சுளியுங்கள், நான் சொல்லாமல் விடப்போவதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. பூதப்பாண்டிக்குப் பக்கத்தில், நாலு புறமும் வயல் சூழ்ந்த ஒரு சிற்றூரில் என் அப்பா ‘உபதேசியார்’ வேலை பார்த்தார். பாதிரியாருக்கு ஒரு படி கீழே. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கமும், வார நாட்களில் வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வதும், இடையில் வரப்புச் சண்டை தீர்ப்பதும் அவர் பொறுப்பு. கோயிலை ஒட்டிய ஓட்டு வீட்டில் அப்பா, அம்மா, நான், நாலு வயதுத் தம்பி துரை, அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தை என்று ஐந்து பேர் இருந்தோம்.

மழைக்காலம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் மனிதர்களைவிட மற்றவர்கள்தான் அதிகம். வரப்பு வளைகளில் நண்டு கண்ணை நீட்டிப் பார்க்கும். மண்ணிலிருந்து ஈசல் புகைபோலக் கிளம்பும், அதை வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்போம். செம்பட்டு விரித்ததுபோல் பட்டுப்பூச்சிகள் ஈர மண்ணில் ஊரும். விறகுக்கட்டை ஒன்றைப் புரட்டினால் தேளும் பூரானும் மரவட்டையும் ஒரே வீட்டுக் குடித்தனக்காரர்களாக வெளியே வரும். கால் உள்ளதும் எங்களுக்குப் பூச்சிதான், இல்லாததும் பூச்சிதான். எங்கள் வயிற்றுக்குள் குடியிருந்தவற்றுக்கும் அதே பெயர்தான். தூக்கத்தில் பல்லைக் கடித்தால் “இவளுக்குப் பூச்சி ஏறிப்போச்சு” என்று அம்மா தீர்ப்பு சொல்லிவிடுவாள். அடுத்த சனிக்கிழமை விடியலில் விளக்கெண்ணெய், மத்தியானம் ரசஞ்சோறு. 

இவற்றுக்கெல்லாம் ராஜா பொன்வண்டு. எங்கள் ஈர வயற்காட்டில் அது கிடைக்காது. உடை மரம் நிற்கும் காய்ந்த பக்கத்துக்குப் போக வேண்டும். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு சின்னச் சபைக்குப் பிரசங்கம் பண்ணப் போய்வந்த அப்பா, தோளில் கிடந்த நேரியலின் நுனி முடிச்சை அவிழ்த்து, “இந்தா மக்கா, உனக்க விருந்தாளி” என்று அதை என் உள்ளங்கையில் வைத்தார். பச்சையா பொன்னா என்று சொல்ல முடியாத முதுகு, குத்துக்குத்தாகப் புள்ளிவைத்த கழுத்து, விட்டால் விரலை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஆறு கால்கள். நான் அன்று சோறு தின்னவில்லை. அதைத் தீப்பெட்டியில் வைத்தேன், அது தீப்பெட்டியை மென்றே வெளியே வந்துவிட்டது.

பாக்கியம் அத்தையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். இருபது வயதிருக்கும். கோயிலில் அவள் பாடினால் கடைசி வரிசை ஆண்கள்கூடத் தூங்கமாட்டார்கள் என்று பெயர் வாங்கியவள், அந்த வருஷம் ஒரு கீர்த்தனையின் ஓரடியைக்கூட மூச்சு வாங்காமல் முடிக்க முடியாதவளாகிப் போனாள். முகம் சுரைப்பூப் போல வெளுத்திருந்தது. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர மூன்று இடத்தில் நிற்பாள். பச்சரிசியை அள்ளித் தின்பாள், சுவரில் உதிர்ந்த மண்ணைச் சுரண்டித் தின்பாள், அம்மா பார்த்துவிட்டால் “ஏட்டி, வீட்டத் தின்னு தீத்திராத, நாங்க எங்க போய்க் கிடக்க?” என்று திட்டுவாள். திட்டிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுவாள். ஏனென்றால் அப்பாவுக்கு இன்னொரு தங்கையும் இருந்தாள். அவளும் இதேபோல் வெளுத்து, கால் வீங்கி, மண் தின்று, கல்யாணம் ஆகாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். சோகை என்றார்கள், பேய்க்காற்றுச் சேட்டை என்றார்கள், ஜெபம் போதவில்லை என்றார்கள். பாக்கியம் அத்தையும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறாள் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சுகாதார இலாகா ஆட்கள் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டு, படவிளக்கைக் கொளுத்தி, ஒரு கொக்கிப்புழுவை எருமைமாட்டு அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அதன் வாய்க்குள் பல் இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். தொடர்ந்து நாக்குப்பூச்சி, கீரிப்பூச்சி என்று ஒவ்வொன்றாக, உருண்டையாக, நீளமாக, சுருண்டு சுருண்டு வேட்டியில் வந்துபோயின. மறுநாள் காலையில் எங்கள் ஊரில் ஒரு வீட்டிலும் இடியாப்பம் அவிக்கவில்லை.

படம் காட்டியவர் வடக்கே கோட்டயம் பக்கத்துக் கம்பவுண்டர். மலையாளமும் தமிழும் கலந்து பேசும், எப்போதும் சிரித்த முகமான மனிதர். ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு ‘புழு சார்’ என்று பெயர் வைத்தோம், அவரும் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். ஆளுக்கொரு சின்ன வட்டத் தகர டப்பா, மேலே பெயர் எழுதிய காகிதம் ஒட்டிக் கொடுத்தார். காலைக்கடனில் ஒரு துளி அதில் போட்டுக் கொண்டுவர வேண்டும். அவர் சின்னதைப் பெரிதாக்கும் கண்ணாடிக் குழலில் பார்த்து யாருக்கு என்ன புழு என்று சொல்லி மருந்து கொடுப்பார். ஊர் முழுக்கச் சிரித்தது, ஒருவரும் முன்வரவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நடுவில், சுத்தமான இருதயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று சுத்தமான வயிற்றுக்கு இறங்கி, “முதல் டப்பா உபதேசியார் வீட்டு டப்பாவா இருக்கும்” என்று அறிவித்துவிட்டார். அம்மா தலையில் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அத்தைக்கு அந்த டப்பாவைத் தொடவே கூசியது. அதைவிட, அதில் ‘பாக்கியம்’ என்று எழுதியிருந்ததுதான் அவளைக் கொன்றது. “எனக்க பேரப் போட்டு அந்தச் சாதனத்த பள்ளிக்கூடத்துல வரிசையா வச்சிருப்பாங்களாம். பயலுவ எல்லாம் பாப்பானுவ. அதுக்கு நான் செத்துப் போலாம்” என்று சொல்லி, அதை என்னிடம் தள்ளிவிட்டாள். “உனக்க வண்டுக்கு வீடு இல்லேண்ணு அழுதியே, இதுல வச்சுக்க.” எனக்குக் கேட்கவா வேண்டும்! அம்மாவின் கோணி ஊசியால் மூடியில் காற்றுத் துளை போட்டு, உடை இலை விரித்து, பொன்வண்டைக் குடியேற்றி, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டேன். சில நாளில் அது முட்டையும் போட்டது, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பருத்த முட்டைகள். நான் ஊரெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எந்த டப்பா என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லவில்லை.

இனி, அம்மா செய்த காரியம். எங்கள் சபைப் பெண்களுக்குப் ‘பிடியரிசி’ என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, வாரம் ஒருமுறை கோயிலுக்குக் கொடுப்பார்கள். அப்பா பேருக்கு ஒரு பிடி, பிள்ளைகள் பேருக்கு ஒரு பிடி என்று அம்மா தலைக்கொரு பிடி போடுவாள். ஆனால் எல்லாப் பிடியும் ஒரே பானை அரிசியிலிருந்துதானே வருகிறது! அதே கணக்கில், கேட்டவுடன் தயங்காமல் கொடுக்கக்கூடிய ஒரே ஆளான துரையை வாழைமூட்டில் உட்கார வைத்து, அப்பா டப்பா, தன் டப்பா, என் டப்பா, துரை டப்பா நாலையும் நிரப்பிவிட்டாள். ஜன்னலில் மூடியோடு இருந்த அத்தையின் டப்பாவைப் பார்த்து, ஒருவழியாக இவளும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று சந்தோஷப்பட்டு, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, அதையும் பையில் போட்டாள். அப்பா அந்தப் பையைத் திருவிருந்துப் பாத்திரம் சுமப்பவர்போல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தெரு நடுவே போனார்.

பள்ளி விட்டு வந்து ஜன்னலைப் பார்த்த நான் வீட்டையே இரண்டாக்கிவிட்டேன். என்ன நடந்தது என்று புரிந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது படலைத் திறந்துகொண்டு புழு சாரே வந்தார், கையில் என் டப்பா, பின்னால் ஊரில் பாதி.

“உபதேசியாரே, பாக்கியம் எந்நு பேருள்ள இந்த ஆளுக்கு ஆறு காலும் ரெண்டு மீசையும் உண்டு” என்றார். கூட்டம் சிரித்துச் சாய்ந்தது. சிரிப்பு அடங்கியதும் அவர் குரலைத் தாழ்த்தி அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டார். வண்டைப் பார்த்த வேடிக்கையில் அந்த வீட்டு மற்ற டப்பாக்களையும் இன்னொருமுறை திறந்து பார்த்தாராம். நாலிலும் ஒரே கொய்யா விதை, நாலிலும் ஒரே நாக்குப்பூச்சி முட்டை. “இவிடே எல்லாருக்கும் ஒரே வயிறோ?” என்று கேட்டார். அப்பாவுக்குக் கொய்யாப்பழம் கண்ணில் காட்டக் கூடாது. அவர் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார்.

அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. “ஒரே பானைச் சோறுதானே எல்லாரும் திங்கோம்? பின்ன அஞ்சு விதமா வருமா?” என்றாள்.  வண்டு அந்தப் பையில் போகாதிருந்தால் அந்த நாலு டப்பாவைப் பார்த்து, இந்த வீட்டில் கொக்கிப்புழு இல்லை என்று எழுதிவிட்டு அவர் அடுத்த ஊருக்குப் போயிருப்பார். அத்தை கதவுக்குப் பின்னால்தான் நின்றாள்; கதவுக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. புழு சார் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பாதங்களையே பார்த்தார். விரலிடுக்கெல்லாம் சொறிந்த புண், கணுக்காலில் வீக்கம். மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்திலும் தென்னந்தோப்பிலும் வெறுங்காலோடு நடந்த பாதங்கள். “இந்தக் கால் உள்ளவர் கட்டாயம் டப்பா தரணும். தாமசிக்கண்டா, வேகம் வேணும்” என்று மட்டும் சொன்னார். அப்பா முகத்தில் அன்று பார்த்த பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அத்தை மாட்டேன் என்றால் மாட்டேன்தான். அப்பா கெஞ்சினார், அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள், அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கடைசியில் அவளை அசைத்தது என் பிடிவாதம். என் வண்டின் காலைக் கண்ணாடிக் குழலில் காட்டுவதாகப் புழு சார் சொல்லியிருந்தார், தனியாகப் போக என்னை விடமாட்டார்கள். இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி அத்தை என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்தக் குழலில் நான் பார்த்ததை எப்படிச் சொல்வேன்! உதிர்ந்துபோயிருந்த ஒரு வண்டுக் கால்தான். உள்ளே அது முள்ளும் மூட்டுமாக, நுனியில் இரட்டைக் கொக்கியோடு ஒரு பனைமரம்போல் கிடந்தது. வண்டு, நண்டு, தேள், பூரான் எல்லாம் எலும்பைச் சட்டைபோல வெளியே போட்டிருக்கும் ஒரே குடும்பம் என்றும், சட்டை சிறுத்துப்போனால் கழற்றிவிட்டுப் புதிதாகத் தைத்துக்கொள்ளும் என்றும் அவர் சொன்னபோது, நான் தின்ற நண்டுகளை நினைத்து எனக்கு ஒரு மரியாதையே வந்தது. பிறகு குழலில் வேறு கண்ணாடியை வைத்தார். முட்டை வடிவில் ஒன்று, ஓடு மெல்லிய கண்ணாடி, உள்ளே நூல்போல ஏதோ ஒன்று நெளிந்து திரும்பியது. கால் இல்லை, கண் இல்லை, மூட்டு இல்லை. இது வேறு குடும்பம் என்றார். யானைக்கால் வரவைப்பதும் இந்தக் குடும்பத்துப் புழுதானாம், அதற்குக் கொசுதான் வில்வண்டி. கொக்கிப்புழு வண்டி பிடிக்காது. ஈர மண்ணில் பொரிந்து, வெறுங்காலில் துளைத்து ஏறி, இரத்தத்தில் நீந்தி நெஞ்சுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, நாம் விழுங்கும் எச்சிலோடு வயிற்றுக்கு இறங்கும். பூதப்பாண்டியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகிறவன் திருவனந்தபுரத்தைச் சுற்றிப் போனதுபோல. அங்கே குடலைக் கவ்விக்கொண்டு இரத்தம் குடிக்கும்.

அத்தை என்னை நகர்த்திவிட்டுக் குழலில் கண்ணை வைத்தாள். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. “இது யாருக்க?” என்று கேட்டாள். பெயர் சொல்ல மாட்டேன் என்றார் புழு சார். “அப்பம் எனக்க பேரும் சொல்லமாட்டியளா?” “பறயில்ல. எழுதவும் மாட்டேன்.” மேசையில் கிடந்த புது டப்பாவை எடுத்து, காகிதத்தில் அழகான எழுத்தில் ‘பொன்வண்டு’ என்று எழுதி அவளிடம் நீட்டினார். அந்த வருஷத்தில் அத்தை முதன்முதலாகச் சிரித்தாள். மறுநாள் அந்த டப்பா, இந்தத் தடவை பிழையில்லாமல், பள்ளிக்கூடத்துக்குப் போனது.

பொன்வண்டுக்குக் கொக்கிப்புழு ஏராளம் என்று தெரிந்தது. மருந்து கொடுக்கும் நாள் வந்தது. தொண்டையைப் பிடிக்கும் நெடியுள்ள மருந்து, பிறகு பேதி உப்பு. அத்தை மயங்கி மயங்கி விழுந்தாள். அப்பா முழங்காலிட்டு ஜெபத்திலேயே இருந்தார். இவளும் போய்விடுவாளோ என்று நான் அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அழுதேன். பேதியை மெல்லிய துணியில் வடிகட்டி, மிச்சத்தைப் பீங்கான் தட்டில் வைத்துப் புழு சார் கொண்டுவந்தபோது அம்மா புறவாசல் வழியாக ஓடிவிட்டாள். அத்தை மட்டும் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். வெட்டிப்போட்ட தையல் நூல்போல வெள்ளையாக, விரல்நகம் அளவுக்கு, கும்பலாகக் கிடந்தன.

“இந்த நூலாக்குமா எனக்க அக்காளத் தின்னது?” என்றாள்.

அதன்பிறகு இன்னொருமுறை மருந்து, இரும்புச் சத்துக்கு ஒரு கறுப்புத் தண்ணீர், அம்மா நாள்தோறும் ஆய்ந்து போட்ட முருங்கைக்கீரை. மார்கழியில் அத்தையின் உதட்டில் நிறம் வந்தது. மாசி அறுப்புக்குள் அவள் என்னைத் துரத்திப் பிடித்து அடிக்கும் அளவுக்கு ஓடினாள், அந்த அடி எனக்கு வலிக்கவே இல்லை. ஊர்க்காரர்கள் தாங்களாகவே டப்பாவோடு வரிசையில் நின்றார்கள். உபதேசியார் வீட்டில் வண்டுக்கே பேதி கொடுத்தார்களாம் என்று பக்கத்து ஊரில் பேசிக்கொண்டதைக் கேட்டு அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

புழு சார் ஊரைவிட்டுப் போகும்போது சொன்னது ஒன்றே ஒன்று: மருந்து உள்ளே போனதைத்தான் கொல்லும், வருவதைச் செருப்புதான் தடுக்கும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்பிள்ளை செருப்புப் போட்டால் அது திமிர். அப்பா நாகர்கோவிலிலிருந்து ஒரு ஜோடி வார்ச்செருப்பு வாங்கி வந்தார். அத்தை அதைப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் சரக்சரக்கென்று நடந்தாள். “தொரசாணி போறா பாரு” என்றார்கள். “போறேன், வாறியா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். செருப்போடு வருகிற மருமகள் வேண்டாம் என்று ஒரு சம்பந்தம் திரும்பிப் போனது. எனக்கும் ஒரு ஜோடி வாங்கித் தருவீர்களா என்று கேட்ட மாமியாரோடு இன்னொன்று வந்தது. அந்த வீட்டுக்குத்தான் அத்தை போனாள்.

இப்போது உடை மரங்கள் நின்ற இடத்தில் வீடுகள் நிற்கின்றன. என் பேரப்பிள்ளைகளுக்குப் பொன்வண்டைக் காட்ட ஆரல்வாய்மொழிப் பக்கம் இரண்டு மழைக்காலம் அலைந்தேன், கிடைக்கவில்லை. வயல் நண்டு பூச்சிமருந்தில் செத்துவிட்டது. ஈசல் கிளம்பினால் ஜன்னலைச் சாத்துகிறார்கள். அதற்கெல்லாம் எனக்கு வருத்தம்தான், மறைக்கவில்லை. கொக்கிப்புழுவும் போய்விட்டது, அல்லது போன மாதிரி ஒளிந்திருக்கிறது. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடப்போவதில்லை.

அத்தை நன்றாக வாழ்ந்து, பேரன் பேத்தி எடுத்து, போன வருஷம்தான் போனாள். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “ஏட்டி, பெட்டியில வைக்கும்போ செருப்ப மறந்திராத. மண்ணுக்குள்ளயாக்கும் போறேன், புழு பூரா அங்கதான்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. அடக்கத்தன்று அவள் மருமகள் தயங்கினாள். பெட்டியைக் கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டும், செருப்போடு எப்படி என்றாள். நான் குனிந்து அத்தையின் இரண்டு காலிலும் மாட்டிவிட்டேன். வலது கால் வார் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, அதை மட்டும் ஒரு துளை தளர்த்திவிட்டேன்.